மூழ்கிய அம்பர் மணி

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன. வயது நாற்பத்து மூன்று. ஒரு நகைக்கடையில் பதினாறு வருடமாகக் கல் பரிசோதிக்கிறேன். அதே கடையில் நகை பழுதுபார்க்கும் என் தம்பி, வாடிக்கையாளரின் மணிகளை மாற்றிவிட்டதாக நேற்று கைது செய்யப்பட்டு இந்த நிலையத்தில் இருக்கிறான். அதற்கு என் வார்த்தையே காரணம் என்பதால் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை ஒரு டீச்சர் தன் அறுந்த அம்பர் மாலையைக் கோக்கக் கொடுத்தார். தம்பி கோத்ததோடு நிற்காமல், மங்கியிருந்த மணிகளுக்குக் கேட்காமலே மெருகும் போட்டுவிட்டான். அவனுக்கு அது ஒரு வியாதி. நேற்று வந்த டீச்சர் நிறம் வெளுத்திருப்பதைப் பார்த்து, "இது எங்கம்மா போட்டிருந்த மணி இல்லைங்க, பிளாஸ்டிக்" என்றார். அதன் பிறகு முதலாளி என்னைச் சோதிக்கச் சொன்னார்.

அம்பர் உண்மையில் கல் அல்ல. மிகப் பழைய மரப்பிசின் மண்ணுக்கடியில் இறுகியது. நாள்பட்டால் மேல்பக்கம் கறுக்கும், மெருகு போட்டால் உள்ளிருக்கும் வெளிர் நிறம் தெரியும். எடை குறைவு என்பதால், இனிமேல் கரையாது என்னும் அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீரில் மிதக்கும். போலிகளில் பல மூழ்கிவிடும். சுட்ட ஊசியால் தொட்டால் பிசின் வாசனை வரும், ஆனால் தழும்பு விழும் என்று முதலாளி விடவில்லை. அதனால், மாலையைப் பிரிக்காமல் எடுக்க முடிந்த ஒரே மணியை, அதாவது கொக்கியை ஒட்டியிருந்ததை, உப்புத் தண்ணீரில் போட்டேன். நேராக அடிக்குப் போனது. தம்பிக்குச் சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில், இன்னொரு மணியைப் பார்க்காமல், எடுத்தேன் கவிழ்த்தேன் என்று "அம்பர் இல்லை" என்றேன். "சொந்த அக்காவே சொன்ன பிறகு என்ன இருக்கு" என்று முதலாளி போலீசுக்குப் போன் செய்தார்.

இன்று காலை தம்பிக்கு மாற்றுச் சட்டை கொண்டுவந்தேன். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, அந்த மணியில வெள்ளித் தொப்பி இருந்துச்சே, கழட்டிட்டுத்தானே போட்ட?" என்று மட்டும் கேட்டான். மணியின் முனையை மூடியிருந்த அந்த வெள்ளி மூடியை நான் கழற்றவில்லை. வெள்ளியின் கனம் நல்ல அம்பரையும் கீழே இழுத்துவிடும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதே அதுதான். சட்டையை அவனிடம் கொடுத்துவிட்டு நேராக உங்கள் மேசைக்கு வந்தேன்.

மாலை இப்போது உங்கள் முத்திரையிட்ட பையில் இருக்கிறது. தொப்பி இல்லாத மணிகளை வேறொரு பரிசோதகரிடம் கொடுத்துச் சோதிக்கக் கேட்டுக்கொள்கிறேன். தம்பி எடுத்திருக்க மாட்டான் என்று அக்காவாகச் சொல்வேன். பரிசோதகராக இன்னும் எதுவும் சொல்ல முடியாது. அந்த மணிகளும் மூழ்கினால், அதையும் இதன் கீழேயே எழுதிக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.

எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)