சத்தம் போடாத டப்பெட்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், மோட்டார் சைக்கிள் சாமான் விற்கிற கடை. ஒரு பிரேக் கேபிள் வாங்க வந்து, நின்று நின்று எனக்குக் கால் கடுத்துவிட்டது. எனக்கு முன்னால் நின்ற பெண், எஞ்சினுக்குள் வால்வைத் தூக்கிவிடுகிற டப்பெட் ஒன்றைச் சொப்பின் பையிலிருந்து எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினாள். நன்றாகத் தேய்ந்திருந்தது.

“ஒறிஜினல் இருக்கு, தங்கச்சி. போட்டீங்கள் எண்டால் கனகாலத்துக்குச் சத்தமே வராது.”

“வரவே வராதோ?”

குரலில் இருந்த கவலையைக் கேட்டு நான் நிமிர்ந்து பார்த்தேன். கடைக்காரரும் பார்த்தார்.

“சத்தத்தை நிப்பாட்டத்தானே பிள்ளை மாத்துறது?”

“தம்பிதான் மாத்தச் சொல்லி ஒரே கரைச்சல். இப்ப அவன்தான் ஓடுறான். இவர் கட்டாருக்குப் போகேக்கை விட்டிட்டுப் போன மோட்டச்சைக்கிள், அண்ணை. ஒழுங்கை முடக்கிலை அந்த டக் டக் சத்தம் கேட்டால், கேற் திறக்குமட்டும் இவர்தான் வாறார் எண்டு இருக்கும்.”

கடைக்காரர் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

“இது கொப்பி, ஒறிஜினல் இல்லை. நான் ஆருக்கும் வாங்கச் சொல்லுறேல்லை. கனநாள் உழைக்காது. ஒரு வருசத்துக்குள்ளை கெதியாத் தேய்ஞ்சு, பழையபடி டக் டக்கெண்டு அடிக்கத் தொடங்கிடும்.”

அவள் அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

“இதைவிடக் கெதியாத் தேயிறது இருக்கோ, அண்ணை?”