பத்தாம் எண்ணின் இடப்பக்கம்

பள்ளிக்கூட ரக்பிக்குப் பருவ முன்னோட்டம் எழுதுகிறவன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உட்கார வேண்டும். பசியோடு எழுதினால் எல்லா அணியும் மோசமாகத் தெரியும். அன்று காலை வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் டின் மீனும் சாப்பிட்டு, தேநீரும் குடித்துவிட்டுத்தான் எழுதினேன். ஆகையால் ஆத்திரத்தில் அறிவிழந்து எழுதிவிட்டேன் என்று நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டாம்.

பள்ளி ரக்பிச் சங்கம் உங்களை அனுப்பியிருப்பது பயிற்சியாளன் எபெலியைப் பற்றி விசாரிக்க. சகியுசாவுக்கு ஏற்கெனவே தலையில் அடி என்று தெரிந்தே எபெலி அவனைக் களத்தில் இறக்கினானா என்பது உங்கள் கேள்வி. பதில் சுருக்கமானது. எபெலிக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவன் நான்.

பிஜித் தலைநகர் சுவாவிலிருந்து பஸ்ஸில் ஆற்றோரமாகவே போனால் வைவூலா பள்ளி. நான் ஆடிய பள்ளி. பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் எழுதும் வேலை கிடைத்த பிறகும் சனிக்கிழமைகளில் அங்கே போய்ப் பையன்களைப் பழக்குவேன். சம்பளம் கிடையாது, நான் கேட்டதும் கிடையாது. எங்கள் பையன் ஒருவன் தலையெடுத்தால் போதும், தலைநகரிலிருந்து யாராவது வந்து நிற்பார்கள். விடுதி இலவசம், பூட்ஸ் இலவசம், அப்பனுக்கு ஒரு மூட்டை மாவு. நாங்கள் நாற்று விடுவோம், அவர்கள் அறுத்துக்கொண்டு போவார்கள். அதற்குப் பெயர் வாய்ப்பு. கோப்பையை வாங்கிக்கொண்டு அவர்கள் ஆண்டவருக்கு நன்றி சொல்லும்போது எனக்கு வயிறு எரியும்.

சகியுசா என்னிடம் வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தான். எங்கள் ஊர் மைகாவின் மூத்த மகன். பந்து கைக்கு வந்ததும் மற்றப் பையன்கள் ஓடுவார்கள். இவன் ஒரு கணம் நின்று பார்த்து, பிறகுதான் ஓடுவான். பத்தாம் எண் சட்டைக்குப் பிறந்தவன். ஆட்டத்தை நடத்துகிற எண் அது. இந்த ஆண்டு அவனை வைத்து வைவூலா முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்குப் போயிருக்கும். இதை நான் சும்மா சொல்லவில்லை. அணிகளின் எதிர்காலத்தைச் சொல்வது என் தொழில்.

சென்ற ஆண்டுக் கடைசியில், ஒரு நட்பு ஆட்டத்தில் அவனுக்குத் தலையில் அடி. கொஞ்ச நேரம் கிடந்தான், எழுந்து ஆட்டத்தை முடித்தான். அடுத்த சனிக்கிழமை பயிற்சி முடிந்து நான் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தான்.

"மாமா, அம்மாகிட்ட சொல்லிராதீங்க. இடது பக்கம் ஆள் வர்றது, மேல வந்து விழறப்பதான் தெரியுது."

"டாக்டர்கிட்ட போலாமா?"

"போனா ஆடக் கூடாதுன்னுருவாங்க."

"சரி விடு. தன்னால சரியாயிரும்."

நான் சும்மா விட்டுவிடவில்லை. அவன் இடப்பக்கத்தில் எப்போதும் நம்பகமான ஒருவனை நிற்கவைத்தேன். அந்தப் பக்கம் வருகிற ஆளை அவன் பார்த்துக்கொள்வான். என் கையில் இருந்தவரை பையனுக்கு ஒரு கீறல் விழவில்லை.

ஜனவரியில் எபெலி வந்தான், தலைநகரில் அவன் பழக்கும் துறைமுகப் பள்ளிக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போனான். எபெலியின் அம்மா என் அப்பாவுக்கு உடன்பிறந்தவள். அப்படிப்பட்ட மச்சான்களுக்குள் எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். என்ன கேலி செய்தாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவன் ஊர் சிரிக்கிற மடையன். அந்த வாரம் கவா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தபோது அத்தனை பேர் முன்னால் ஆரம்பித்தான்.

"என்ன மச்சான், மூஞ்சி இவ்வளவு நீளமா தொங்குது? உன் தோட்டத்துல நல்ல கிழங்கா ஒண்ணு இருந்துச்சு, பிடுங்கிட்டேன். தண்ணி ஊத்தி வளர்த்ததுக்கு ரொம்ப நன்றி."

"பிடுங்கிட்டே சரி. உனக்குச் சமைக்கத் தெரியுமாடா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரட்டையை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு முறைப்படி கைதட்டினேன். உள்ளே கொதித்தது. வேறு எவனாக இருந்தாலும் சட்டையைப் பிடித்திருப்பேன். மச்சானாகப் போனதால் அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க எனக்கு ஓர் இடம் இல்லை.

பிறகு பருவம் வந்தது, முன்னோட்டம் எழுத உட்கார்ந்தேன். மலைநாட்டுப் பள்ளி: முன்வரிசை பாறை, எட்டாம் எண் எருமைக்கடா, கடைசி இருபது நிமிடம் மூச்சு வாங்கும். தீவுப் பள்ளி: ஓடத் தெரியும், உதைக்கத் தெரியாது. வைவூலா: நம்பிக்கைக்கு இடமில்லை. அதை எழுதும்போதுதான் கை நின்றது. நான் பழக்கிய பள்ளிக்கு நானே எழுதிய வரி அது. பிறகு துறைமுகப் பள்ளியை எடுத்தேன். பத்தாம் எண் நிற்கும்வரை கோப்பை இவர்களுக்கே என்று எழுதினேன். சகியுசா இடப்பக்கம் வருகிற ஆளை மடக்கும் டேக்கிளுக்குத் தாமதமாக வருகிறான், கனமான ஆளை வேகமாக அந்தப் பக்கம் அனுப்புகிற பயிற்சியாளர் பலன் காண்பார் என்றும் எழுதினேன்.

இதில் எந்தச் சொல் பொய் என்று காட்டுங்கள். ஏன் தாமதமாக வருகிறான் என்று மட்டும் எழுதவில்லை. பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, "கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்த்திருக்கே, நேமானி" என்று பாராட்டினார். என் முன்னோட்டத்தை எல்லாப் பள்ளி விடுதியிலும் வெட்டிச் சுவரில் ஒட்டுவார்கள். அது எனக்குத் தெரியாதா.

முதல் ஆட்டத்திலேயே எதிரணி அந்தப் பக்கமாகத்தான் வந்தது. இரண்டாவது இடிக்குப் பிறகு பையன் எழுந்து எதிரணிக் கூட்டத்தில் போய் நின்றான். சனங்கள் சிரித்தார்கள். எபெலியும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். முன்னோட்டத்தில் சொன்னது சரியாகிவிட்டது என்று அந்த வாரப் பத்தியில் நினைவுபடுத்தினேன். இடப்பக்கம் என்ற சொல்லை மறுபடி போட்டேன்.

இரண்டாவது ஆட்டத்துக்குப் பிறகு சகியுசா பத்திரிகை அலுவலகத்துக்கே வந்தான். வெளிச்சம் கூசுகிறது என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"மாமா, எல்லாரும் என் இடது பக்கமாவே வர்றாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ பேப்பர் படிக்கலையா?"

"எழுத்தெல்லாம் ஆடுது மாமா. படிக்க முடியல."

"எபெலிகிட்ட சொன்னியா?"

"சொன்னா உட்கார வெச்சுருவாரு. அப்பா பஸ்ஸெல்லாம் பேசி வெச்சிருக்காரு, ஊரே பார்க்க வருது. நான் ஆடட்டுமா மாமா? நீங்க சொன்னாக் கேக்கறேன்."

இந்த இடத்தில் நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. நானும் யோசித்தேன். நன்றாக ஓரடி விழுந்தால் எபெலி பயந்துபோய் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவான், பிள்ளை எங்களிடமே வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவன் நன்மைக்காகத்தான்.

"ஆடு. உன்னைப் பார்த்துப் பயந்துதான்டா அந்தப் பக்கம் வர்றாங்க" என்றேன்.

மூன்றாவது ஆட்டம் மலைநாட்டுப் பள்ளியோடு. எட்டாம் எண் பந்தைத் தூக்கிக்கொண்டு நேரே இடப்பக்கம் வந்தான். சகியுசா கடைசியில்தான் திரும்பினான். தலை தப்பான பக்கம் போய், வந்தவனின் முழங்காலில் இடித்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனைக்கு மேளம் அடிப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.

எபெலி, வழக்கப்படி மன்னிப்புக் காணிக்கையான திமிங்கிலப் பல்லை எடுத்துக்கொண்டு, மைகா வீட்டுக்குப் போனான். உறவுக்காரன் என்று நானும் போனேன். பாயில் முட்டிபோட்டவன் தேம்பித் தேம்பி அழுதான். யாராவது பேசித்தானே ஆக வேண்டும். அவன் கையிலிருந்து பல்லை வாங்கி நான் பேசினேன். எங்களால் இந்த வீட்டுப் பிள்ளை போய்விட்டது, எங்களை மன்னியுங்கள் என்றேன். எங்களால் என்றுதான் சொன்னேன்.

மைகா பல்லைக் கையில் வாங்கினான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நேமானி, அவனுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தவன் நீ. உன் வாயால கேட்டதாலதான் வாங்கறேன். இல்லைன்னா இவனை வெட்டிப் போட்டிருப்பேன்."

பிள்ளையைப் பறிகொடுத்தவர் பல்லை வாங்கிய பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்பது வழக்கம். எதற்கு மன்னிப்பு என்றுகூடக் கேட்கக் கூடாது. மைகா கேட்கவில்லை. எனவே என் பங்கும் அன்றே தீர்ந்துவிட்டது.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம், நீங்கள் தற்செயல் என்று முடிவு எழுதப் போவதாகக் கேள்வி. அப்படி எழுதாதீர்கள். எனக்கு அதுதான் எரிச்சல். அடி எந்தப் பக்கம் விழும் என்று பருவம் தொடங்குமுன்பே அச்சில் சொன்னவன் நான். இன்னொன்று விழுந்தால் எழுந்திருக்க மாட்டான் என்பதும், அவன் என் மேசை முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றபோதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஆடச் சொன்னேன்.

எபெலி அதையெல்லாம் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். பையனை வைவூலாவிலேயே விட்டிருந்தால் நான் அவனைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பேன்.