நாம் தொடர்பு இழந்தவர்கள்

என் செய்திமடலில் இதுவரை ஓர் எழுத்துப்பிழைகூட வந்ததில்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஸ்டென்விக் உயர்நிலைப் பள்ளியில் 1962இல் படிப்பை முடித்த நாற்பத்து மூன்று பேரின் முகவரியும் பிறந்தநாளும் என் சமையல் குறிப்புப் பெட்டியில் அட்டை அட்டையாக இருக்கின்றன. வகுப்புச் செயலாளர் என்ற முறையில் அந்தப் பெட்டியை அறுபது ஆண்டு காப்பாற்றியிருக்கிறேன். ஜூலை மாதம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்ததைப் பற்றி “இரண்டு பக்கத்துக்கு மிகாமல்” விளக்கம் வேண்டும் என்று டெலோரஸ் கேட்டிருக்கிறாள். மடலைத் தட்டச்சு செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என் மீதான குற்றச்சாட்டையும் நானே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது செய்தால் பிழை வரும்.

ஆர்டிஸ் லூண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். பள்ளியில் அவளை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு ஆர்டிஸை மட்டும்தான் பிடிக்கும். அவள் கல்யாணமாகி ஓரிகன் கடற்கரைப் பக்கம் போன பிறகு வாரம் ஒரு கடிதம் எழுதினேன். மாதம் ஒரு பதில் வரும், ஒரு பக்கம். கடைசி வரியில் “எல்லாரையும் கேட்டதாச் சொல்லு” என்று இருக்கும். அந்த எல்லாரும் யார், அவளுக்கு என்ன செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சொன்னேன், ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

1997 ஏப்ரலில் லைல் ரஸ்டாட் என் வீட்டு வாசலுக்கு வந்தான். மாட்டுப்பண்ணைக்காரன், கல்யாணம் செய்துகொள்ளாதவன், ஒரு வாக்கியத்தை முடிக்க அரைமணி நேரம் எடுப்பவன். தொப்பியைக் கையில் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றான். ஆர்டிஸின் கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

“வெர்னா, நீ அவளுக்கு எழுதுறதானே. இதையும் உள்ள வெச்சு அனுப்பிடேன்.”

கையில் ஒட்டிய உறை ஒன்று. தடிமனாகவே இருந்தது. பேசவே வராதவன் இவ்வளவு எழுதியிருக்கிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

“கவலைப்படாதே லைல். நான் சேர்த்துடுறேன்” என்றேன்.

அன்று மாலை உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். உறையைப் பிரிக்கவில்லை, அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கும் என்பதற்குப் பெரிய ஞானம் வேண்டாம். ஆர்டிஸ் படிப்பாள், ஊருக்கு வருவாள், அந்தப் பண்ணை வீட்டில் குடியேறுவாள். ஒரே ஊரில் இருப்பவளுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. உறையை அவளுடைய அட்டைக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து லைல் வந்து கேட்டபோது, அவள் வீடு மாறிவிட்டாள், புது முகவரி தெரியவில்லை என்றேன். சொன்னபடி நடக்க வேண்டுமே. அந்த ஆண்டு மடலில் அவள் பெயரை இரண்டாவது பட்டியலில் போட்டேன். உங்களுக்கு நினைவிருக்கும்: முதல் பட்டியலின் தலைப்பு “நாம் இழந்தவர்கள்”. அவர்கள் காலமானவர்கள். இரண்டாவது “நாம் தொடர்பு இழந்தவர்கள்”. அவர்கள் முகவரி கிடைக்காதவர்கள், மடல் போகாதவர்கள். அந்த ஆண்டு அச்சில் இரண்டாவது தலைப்பிலிருந்து “தொடர்பு” என்ற சொல் விழுந்துவிட்டது.

ஒரே ஒரு சொல். அவ்வளவுதான் நடந்தது.

முப்பத்தைந்தாம் ஆண்டுக் கூடலில் வழக்கம்போல் நான் வருகைப் பதிவேடு வாசித்தேன். போனவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பதும், வகுப்பு முழுவதும் சேர்ந்து அவர்களுக்காக “உள்ளேன் டீச்சர்” என்று சொல்வதும் நம் வழக்கம். தாளில் இருந்ததை வாசித்தேன். “ஆர்டிஸ் லூண்ட்.” டெலோரஸ் கைக்குட்டையைத் தேடினாள். அப்போது பின்வரிசையிலிருந்து லைல் எழுந்து, தனியாக, “உள்ளேன் டீச்சர்” என்றான். இந்த முறை அரைமணி நேரம் எடுக்கவில்லை.

பிறகு நார்பர்ட் ஆர்டிஸைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினான். நார்பர்ட் அவ்வளவு நன்றாக அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. மண்டபமே அழுதது. நடுவில் எழுந்து, “மன்னிக்கணும், அச்சுப்பிழை” என்று சொல்ல உங்களில் யாருக்கு மனம் வந்திருக்கும்? அவளை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று லைல் கேட்டான். சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டார்கள் என்றேன். போய்ப் பார்க்க வேண்டிய அலைச்சல் அவனுக்கு மிச்சம்.

அதற்கப்புறம் எல்லாம் தானாகவே நடந்தது. ஆர்டிஸ் ஒரு கடிதத்தில், “கூடல்ல யார் யார் வந்தாங்க? ஏன்டி ஒருத்தரும் எனக்கு ஒரு வரி போடல?” என்று கேட்டிருந்தாள். நியாயமான கேள்விக்கு நியாயமான பதில் வேண்டாமா. லைல் ரஸ்டாட் இறந்துவிட்டான், வயலில் டிராக்டர் கவிழ்ந்துவிட்டது என்று எழுதினேன். எட்டாம் நாள் பதில் வந்தது. ஆறு பக்கம். ஆறும் எனக்கே. அவனுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டே இருந்தாளாம், வெட்கமாக இருந்ததாம். “நீயாவது இருக்கியே வெர்னா” என்று முடித்திருந்தாள். “எல்லாரையும் கேட்டதாச் சொல்லு” என்ற வரி அதில் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

நான் அவசரப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருவர், மிஞ்சிப்போனால் இரண்டு பேர். பிடித்தவர்களுக்குச் சுலபமாக முடித்துவைத்தேன். நார்பர்ட், நீ தூக்கத்திலேயே போனாய், உனக்குப் பிடித்த அந்த இனிப்புப் பலகாரம், ருபார்ப் பை, வயிறு நிறையத் தின்றுவிட்டு. ஹாகன்ஸன் இரட்டையர் உறைந்த ஏரியில் பனி உடைந்து, மீன்பிடிக்கும் குடிலோடு சேர்ந்து உள்ளே போனார்கள். எதையும் ஒன்றாகவே செய்பவர்கள், ஒரே கடிதத்தில் வேலை முடிந்தது. சிலர் நான் எழுதி இரண்டு மூன்று வருஷத்தில் உண்மையிலேயே இறந்தார்கள். அவர்களுக்காக மறுபடி எழுதவேண்டிய சிரமம் இருக்கவில்லை. டெலோரஸ், உன் சாவு கொஞ்சம் நீண்டுவிட்டதை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டுதான் எல்லோர் முன்னாலும் என் காபி கழுநீர் மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருந்தாய்.

ஒவ்வொரு சாவுக்கும் ஆறு பக்கம், எட்டு பக்கம் வந்தது. யார் என்ன குறும்பு செய்தார்கள், நடனத்தன்று யார் காலை யார் மிதித்தார்கள், எல்லாம் எழுதுவாள். படித்துப் படித்துச் சிரிப்பேன். அறுபது வயதுக்கு மேல் தபால்காரரின் வண்டிச் சத்தத்துக்கு மாடிப்படியில் ஓடி இறங்கியவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆர்டிஸ் வீட்டில் கணினி வைத்துக்கொள்ளவில்லை. அதெல்லாம் கண்ணுக்குக் கெடுதல் என்று நானும் எழுதியிருந்தேன். உங்களிடம் இருந்த கணினியில் நீங்கள் சீட்டாடிக்கொண்டிருந்தீர்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கூடலில் அவள் பெயரை வாசிப்பேன், நீங்கள் எல்லோரும் லைலுக்காக விட்டுக்கொடுத்து வாயை மூடிக்கொள்வீர்கள், அவன் எழுந்து “உள்ளேன் டீச்சர்” என்பான். ஐந்து முறை சொன்னான். இரண்டு பக்கமும் யாருக்கும் ஒரு குறை இல்லை.

இந்த ஆண்டு வசந்தத்தில் ஆர்டிஸின் கணக்குப்படி நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். அறுபதாம் ஆண்டுக் கூடலுக்கு நான் மட்டும் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, ஒரு காபிக் கெண்டியோடு எல்லாப் பெயரையும் வாசிக்கப் போகிறேன், எனக்குப் பழகிவிட்டது, நீ கவலைப்படாதே என்று எழுதினேன். இதற்குப் பத்துப் பக்கமாவது வரும் என்று எதிர்பார்த்தேன். பதிலே வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

மீதி நீங்கள் பார்த்ததுதான். ஜூலை ஒன்பது, சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. இருபத்தொரு பேர் வந்திருந்தோம். மேசையில் டெலோரஸ் அடுப்பில் சுட்டுக் கொண்டுவந்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷ், ஹாம் வைத்த ரொட்டி, நார்பர்ட் ஏற்கெனவே பாதி காலி செய்திருந்த ருபார்ப் பை. நான் வாசிக்க ஆரம்பித்தேன். “ஆர்டிஸ் லூண்ட்” என்றேன். பழக்கத்தில் எல்லோரும் லைலுக்காகக் காத்திருந்தீர்கள். பிப்ரவரியில் லைல் இறந்துவிட்டதை ஒரு நொடி மறந்துவிட்டீர்கள்.

படிக்கட்டுப் பக்கமிருந்து குரல் வந்தது.

“உள்ளேன் டீச்சர்!”

ஊன்றுகோலும் கையில் ஒரு பெரிய கேக் டப்பாவுமாக ஆர்டிஸ் நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்போடே மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். டெலோரஸ் காபிக் கோப்பையைத் தன் மடியிலேயே கவிழ்த்துக்கொண்டாள். முதலில் பேச்சு வந்தது நார்பர்ட்டுக்குத்தான்.

“அடியே ஆர்டிஸ், நீ செத்துட்டியே!”

“நான் எங்கடா செத்தேன்? நீதான்டா செத்த! தூக்கத்துல, ருபார்ப் பை தின்னுட்டு!”

நார்பர்ட் தன் தட்டைப் பார்த்தான். “பை தின்னது நெசந்தான்” என்றான்.

“நானு?” என்றாள் டெலோரஸ்.

“உனக்கு ரொம்ப இழுத்துதுடி, பாவம். பதினாலு மாசம். உனக்காக ஒரு வாரம் நான் சாப்பிடவே இல்ல.”

டெலோரஸ் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். ஆனால் அதற்குள் மண்டபம் முழுக்கச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. என்னமோ பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி. இரட்டையர் எழுந்து நின்று, நாங்க எப்படிச் செத்தோம், எங்களைச் சொல்லு என்றார்கள். ஒவ்வொருவராக வரிசையில் வந்து தங்கள் சாவைக் கேட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அவளைக் கட்டிப்பிடித்தீர்கள். எழுபத்தெட்டு வயதில் ஆர்டிஸ் துள்ளித் துள்ளிக் குதித்தாள். எல்லோர் கன்னத்தையும் கிள்ளினாள், உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அறுபது ஆண்டில் இவ்வளவு கலகலப்பான கூடல் நடந்ததில்லை. அதற்குக் காரணம் யார் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

பிறகு அவள் நின்றாள். கன்னமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்க, ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.

“லைல் எங்க? எல்லாரும் இருக்கீங்கன்னா அவனும் இருக்கணுமே. எங்க ஒளிஞ்சுட்டிருக்கான்? வரச் சொல்லுங்க.”

சிரிப்பு நின்றது. பட்டியலைப் பாதியில் நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை. அடுத்த பெயர் அவனுடையது. வாசித்தேன்.

“லைல் ரஸ்டாட்.”

“எப்ப?” என்றாள் ஆர்டிஸ். என்னிடம் கேட்கவில்லை, டெலோரஸிடம் கேட்டாள்.

“இந்த பிப்ரவரி.”

“டிராக்டரா?”

“இல்லடி. நெஞ்சுவலி. அதுவரைக்கும் இருந்தான்.” டெலோரஸ் அழுதுகொண்டே சொன்னாள். “உன் பேரை வாசிக்கும்போதெல்லாம் அவன்தான் எந்திரிச்சு உனக்காக உள்ளேன் சொல்லுவான். இருபத்தஞ்சு வருஷமா.”

ஆர்டிஸ் கேக் டப்பாவை மேசையில் வைத்தாள். ஊன்றுகோலைப் பிடித்து நிமிர்ந்து நின்று, லைலுக்காக, “உள்ளேன் டீச்சர்” என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நீ தனியா உக்காந்திருப்பியேன்னுதான் வெர்னா வந்தேன்” என்றாள். அதற்குமேல் அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை.

டெலோரஸ் எழுத்துமூலம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்: இத்தனை ஆண்டில் ஒரு பிழையும் விடாதவளுக்கு அந்த ஒரு சொல் மட்டும் எப்படி விழுந்தது? சரியான கேள்வி. அது விழவில்லை. முதல் பிரதியில் இருந்தது, இரண்டாம் பிரதியில் நான் எடுத்தேன். எடுத்துவிட்டு மூன்று முறை சரிபார்த்தேன். அப்படியானால் என் மடலில் பிழையே இல்லை என்று நான் முதலில் சொன்னது சரிதான்.

கேட்டுக்கொண்டபடி அட்டைப் பெட்டியை இத்துடன் டெலோரஸிடம் ஒப்படைக்கிறேன். நாற்பத்திரண்டு அட்டைகள் இருக்கின்றன. ஆர்டிஸின் அட்டையையும் அதன் பின்னால் இருக்கும் லைலின் உறையையும் என்னிடமே வைத்துக்கொள்கிறேன். அவள் இப்போது ஓரிகனுக்குத் திரும்பவில்லை என்றும், நார்பர்ட் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறாள் என்றும், நீங்கள் எல்லோரும் தினம் அங்கே காபி குடிக்கப் போகிறீர்கள் என்றும் கேள்வி. என் சமையலறை ஜன்னலிலிருந்து அந்த மாடி தெரிகிறது. அவள் இன்னும் எனக்கு எழுதவில்லை. கோபம் ஆறியதும் எழுதுவாள்; தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார். நிரந்தர முகவரி உறுதியாகாமல் லைலின் உறையை அனுப்பினால் தொலைந்துபோகும், அந்தப் பொறுப்பை நான் ஏற்க முடியாது.

அதுவரை ஆர்டிஸுக்கு எழுத விரும்புகிறவர்கள் வழக்கம்போல் எனக்கே அனுப்புங்கள். நான் சேர்த்துவிடுகிறேன்.