படம் வெளியே தெரிகிற மாதிரி

எங்கள் மாடியில் ஒரு வழக்கம் உண்டு, ஐயா. புதிதாக ஏதாவது வாங்கினால், அது வந்த அட்டைப்பெட்டியை வாசலில் வைத்துவிடுவோம். குப்பைக்காரர் வரும்வரை அங்கேயே நிற்கும். குப்பைக்குத்தான் வைக்கிறோம். படம் வெளியே தெரிகிற மாதிரி வைக்கிறோம், அவ்வளவுதான்.

நானும் எதிர்வீட்டுக்காரரும் ஒன்றாகக் குடிவந்தவர்கள். ஒரே அளவு வீடு, ஏறக்குறைய ஒரே சம்பளம். ஒரே ஏணியை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வோம். பிறகு அவர் கம்பெனியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் பழகினார். சம்பளம் ஏறியது. அவர் வாசலில் பெரிய டிவிப் பெட்டி நின்றது.

"அவங்களும் நம்ம கூடத்தானே குடிவந்தாங்க," என்றாள் என் மனைவி. அன்று சாப்பாட்டில் உப்பே இல்லை.

நான் வீட்டுச் சாமான் கடையின் குடோனில் வேலை பார்க்கிறேன். டிவி வாங்க வக்கில்லை, காலிப்பெட்டி கிடைத்தது. அதுவும் சும்மா இல்லை. "குடோனைப் பெருக்கிட்டு எடுத்துக்கோ," என்றார் சூப்பர்வைசர். வேலை முடிந்தபின் இருந்து பெருக்கினேன். அவருடையதைவிட ஒரு சாண் பெரிய டிவியின் பெட்டி என் வாசலுக்கு வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

எதிர்வீட்டில் தூக்கம் போனது. அவர் ஓவர்டைம் பார்த்து வாஷிங் மெஷின் வாங்கினார். நான் கூடுதலாகப் பெருக்கி, துணியைக் காயவைத்தும் கொடுக்கும் மெஷினின் பெட்டியை வைத்தேன். உள்ளே என் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல் துணி துவைத்தாள். அவர் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

ஒருநாள் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன்.

"உங்களால மட்டும் எப்படிங்க முடியுது?" என்று கேட்டார்.

பாவமாக இருந்தது. உண்மை வாய்வரை வந்துவிட்டது.

"எல்லாம் உழைப்புதாங்க," என்றேன். மறுநாள் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜின் பெட்டியை வைத்தேன்.

அந்த வாரமே கம்பெனியில் வண்டி ஓட்டும்போது தூங்கிப்போய்ச் சுவரில் மோதினார். இரண்டு காலும் முறிந்தன.

அவர் மனைவி ஒரு கூடையோடு வந்தார். "பாக்க வர்றவங்க எல்லாம் பழமா குடுக்குறாங்க. எங்க ஃப்ரிட்ஜ்ல இடமில்ல. உங்க பெரிய ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கட்டுமா அண்ணா?" என்று கேட்டபடியே உள்ளே வந்துவிட்டார். கயிறு போட்டுக் கதவைக் கட்டிய எங்கள் பழைய ஃப்ரிட்ஜைப் பார்த்தார். டிவி இருக்க வேண்டிய சுவரைப் பார்த்தார். பிறகு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தார்.

இதை எந்தக் குற்றமென்று எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடிக்கிறீர்கள். நானே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மனுஷன் இன்னொரு பெட்டியைத் தாங்க மாட்டார் என்று தெரியும். அவர் விழ வேண்டும் என்றுதான் வைத்தேன்.

இப்போது பொறாமை துளியும் இல்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கம்பெனிச் செலவில் தனி அறை, ஏசி, பொத்தானை அழுத்தினால் தலைப்பக்கம் உயரும் கட்டில். படுத்துக்கொண்டே டிவி பார்க்கிறார். நன்றாக இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், ஐயா. என்னை அடைக்கப்போவதும் தனி அறைதானே?