ஏழு வயதுக்குள்

உங்கள் தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடாக இருக்கிறது சார். சேலை வாங்க வருகிறவர்களின் வேன்கள் கோயில் மதில் வரைக்கும் நிற்கின்றன. கடைசியில் ஒரு பூக்கடைக்காரரிடம் கெஞ்சி, அவர் கடை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தேன். கீர்த்தியும் வந்திருக்கிறாள். வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். அவளைக் கூப்பிடுவதற்கு முன்னால் நான் தனியாகச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். வக்கீலிடம் சொன்னது வெளியே போகாது என்று நீங்களே சொன்னீர்கள், ஜான்சன் சார்.

எங்கள் வழக்கு உங்களுக்கு மறந்திருக்காது. இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன். போன மே மாத விடுமுறையில், மகன் குமரகுருவையும் மகள் கீர்த்தியையும் பைபாஸ் பக்கம் திறந்த விளையாட்டு அரங்கத்துக்கு அழைத்துப் போனேன். என் மனைவி நீலாம்பாள் வரவில்லை. தறியில் ஒரு கல்யாணச் சேலை பாக்கி இருந்தது. கிளம்பும்போது சொன்னாள். "எங்க வேணா வெளையாடட்டும். குருவ உசரத்துல மட்டும் ஏத்தாதீங்க. அவன் பயந்துக்குவான்."

குருவுக்கு ஒன்பது வயது. பல்லி விழுந்தால் கத்துவான். ஆண் பிள்ளை இப்படி இருக்கலாமா என்று எனக்கு எப்போதும் ஒரு குறை. அதனால்தான் நேராகக் கம்பிச் சறுக்குக்கு அழைத்துப் போனேன். இரண்டு ஆள் உயர மேடை. இடுப்பில் பெல்ட் மாட்டி, கம்பியில் தொங்கவிட்டு, மறுமுனைக்கு அனுப்புவார்கள். மேடையில் இருந்த பெண்ணின் பெயர் சுகாசினி. குருவுக்குப் பெல்ட்டை மாட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்த பக்கிள் சரியா புடிக்க மாட்டேங்குது. வேற கொண்டாறேன், அதுவரைக்கும் அனுப்பாதீங்க," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

குரு என் கையைப் பிடித்தான். "எறங்கிடலாம்பா," என்றான். கீழே வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். இப்போது இறங்கினால் இவன் ஆயுசுக்கும் இறங்கிக்கொண்டே இருப்பான் என்று நினைத்தேன். பக்கிள் பிடிக்காமல் தொங்கிய பெல்ட் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டேன். தறியின் பாவில் இழை அறுந்தால் நெசவுக்காரர்கள் நாங்கள் போடுகிற முடிச்சு, சின்னதாக, தட்டையாக இருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் என் கை போட்ட முடிச்சு ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை. மெல்லிய இழை இழுக்க இழுக்க இறுகும். அகலமான நைலான் நாடா இறுகாது. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும். முடிச்சுப் போட்ட பிறகு அவன் முதுகில் கை வைத்து மெதுவாகத் தள்ளினேன்.

பாதி வழியில் விழுந்தான். கீழே போட்டிருந்த மெத்தைகளுக்கு இடையில் ஓர் இடைவெளி இருந்தது. முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அன்று நடந்த எதுவும் அவனுக்கு ஞாபகமும் இல்லை. பெல்ட்டை நன்றாகத்தான் மாட்டினேன் என்று சுகாசினி போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டாள். முதலாளி அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பார். பக்கிள் பிடிக்காததையோ, அனுப்பாதீங்க என்று என்னிடம் சொன்னதையோ அவள் எழுதவில்லை; எனக்கு அது வசதியாகப் போயிற்று. கேமராவைத் தூண் மறைத்துவிட்டது. பார்த்தவள் கீர்த்தி மட்டும்தான். மேடையில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நீலாம்பாள் மருந்து வாங்கப் போயிருந்தபோது கீர்த்தி கேட்டாள். "அப்பா, நீ போட்ட முடிச்சு அவுந்துக்கிச்சா?"

"எந்த முடிச்சும்மா?" என்றேன்.

பிறகுதான் அரங்கத்தின் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட உங்களிடம் ஆலோசனை கேட்க வந்தோம். நீங்கள் நல்லபடியாகத்தான் பேசினீர்கள். "பெல்ட்ட யாரு மாட்டனாங்கன்னுதான் அவங்க வக்கீல் மொதல்ல கேப்பாரு. பெத்தவங்க கை வெச்சிருந்தா கேஸ் நம்ம மேலயே திரும்பும்," என்றீர்கள். நீலாம்பாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சந்தேகத்தில் அல்ல, சும்மாதான் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. நான் பேச்சுவாக்கில் கேட்பது போல் ஒரு கேள்வி கேட்டேன்.

"சின்னப் புள்ளைங்க யாராச்சும் வெளையாட்டுக்கு நாடாவ இழுத்து வுட்டிருந்தா சார்?"

"ஏழு வயசுக்குள்ளன்னா சட்டத்துல அது குத்தமே இல்ல உமாபதி. யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

அப்போது கீர்த்திக்கு ஆறு வயது நான்கு மாதம்.

நான் யோசிக்காமல் எதையும் செய்கிறவன் இல்லை. பழி என்று ஒன்று வந்துவிட்டால் அது எங்காவது உட்கார்ந்துதான் ஆக வேண்டும். என் மேல் உட்கார்ந்தால் நீலாம்பாள் என்னோடு ஒரு நாள்கூட இருக்க மாட்டாள். குருவைத் தூக்கிக் குளிப்பாட்ட வீட்டில் வேறு ஆள் கிடையாது. சுகாசினி மேல் உட்கார்ந்தால் ஓர் ஏழைப் பெண் ஜெயிலுக்குப் போவாள். பாரமே இல்லை என்று சட்டம் சொல்கிற ஓர் இடம் என் வீட்டிலேயே இருந்தது. அங்கே இறக்கி வைத்தேன்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான் அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. சாயங்காலம் தறியில் உட்கார்ந்தால் கீர்த்தி பக்கத்தில் வந்து உட்காருவாள். ஊடை நூல் சுற்றிய தாரை எடுத்துக் கொடுப்பாள். அப்போது சொல்வேன். நீ அண்ணன் பின்னால் நின்றாய், பெல்ட்டின் நாடா தொங்கியது, விளையாட்டாக இழுத்தாய், உன் மேல் யாருக்கும் கோபம் இல்லை. முதல் சில நாட்கள், "இல்லப்பா, நீதானே கட்டுன," என்றாள். நான் சிரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். ஒன்பதாம் நாள் அவளே சொன்னாள். "ஆமாம்பா. அது வழவழன்னு இருந்துச்சு." அதை நான் சொல்லித் தரவில்லை. பத்தொன்பதாம் நாள், அழுதுகொண்டே போய் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். "நான்தாம்மா இழுத்துட்டேன்."

நீலாம்பாள் அடிக்கவில்லை. சோற்றுப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மறுநாள் உங்களிடம் வந்து, எம் பொண்ணு கோர்ட்டுல நிக்க வேணாம், கேஸே வேணாம் என்று சொன்னது அவள்தான். நீங்களும் கீர்த்தியின் தலையைத் தடவிக் கொடுத்தீர்கள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் கீர்த்தி இப்போது எதையும் பிடித்து இழுப்பதில்லை. பள்ளிக்கூடப் பையின் ஜிப்பைக்கூட, "தொறக்கட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறாள். நீலாம்பாள் அவளுக்குத் தலை பின்னுவாள், சோறு போடுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். குரு படுத்தபடியே, "கீர்த்தி, இங்க வா, எங்கூட வெளையாடு," என்று கூப்பிடுகிறான். அவள் கதவருகிலேயே, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அதைப் பார்க்க முடியாமல் நான் தறிக்கே போய்விடுகிறேன் சார். நானும் பெற்றவன்தான். ஒருநாள் ஆறுதலுக்காக நீங்கள் சொன்னதையே அவளிடம் சொன்னேன். உனக்கு இன்னும் ஏழு வயது ஆகவில்லை, உன்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்றேன். கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது.

நேற்று அவளுக்குப் பிறந்தநாள். புதுப் பாவாடையைப் போட மாட்டேன் என்று அறையின் மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். பிறகு என் காதில் மட்டும் சொன்னாள். "எனக்கு ஏழு வயசு வேணாம்பா. நான் ஆறுலயே இருந்துக்கறேன்." ராத்திரி முழுக்க என் கையை விடவில்லை.

முடிச்சுப் போட்டது நான். தள்ளியது நான். அதை ஒரு குழந்தையின் வாயில் பத்தொன்பது நாள் உட்கார்ந்து ஊட்டியதும் நான். எதையும் மறைக்கவில்லை. ஆனால் இந்த உண்மையை வெளியே சொல்லச் சொல்லி உங்களைக் கேட்க வரவில்லை. நீலாம்பாள் இதைத் தாங்க மாட்டாள். குழந்தையின் பயம் போனால் போதும். நான் சொன்னால் இனி நம்ப மாட்டாள், கறுப்புக் கோட்டுப் போட்டவர் சொன்னால் நம்புவாள். அந்தக் கோட்டை மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள் சார், அவளைக் கூப்பிடுகிறேன். அவள் செய்ததைச் சட்டம் மன்னித்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.