நஞ்சம்மா நேர்ந்துகொண்ட ஸ்கேல்

பியானோவில் ஸ்கேல் வாசிப்பதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை, பாஸ்டர் ஐயா. அதே சுரங்களில் ஏறி, அதே சுரங்களில் இறங்க வேண்டும். பாத்திரம் தேய்த்தால் பாத்திரமாவது பளபளக்கும். சின்னப் பிள்ளைகளை அதில் தினமும் எப்படி உட்கார வைக்கிறீர்கள் என்று நேற்று கேட்டீர்கள். நீங்கள் இந்தச் சபைக்குப் புதியவர், அதனால் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

நான் சிறுவயதில் ஸ்கேல் பக்கமே போகாதவன். பெங்களூரில் நடந்த லண்டன் சங்கீதப் பரீட்சையில் நான் வாசித்ததைக் கேட்ட வெள்ளைக்காரம்மா, மார்க்குக்குப் பதிலாக ஒரு பிஸ்கட் கொடுத்தார். தின்றுவிட்டு ஓசூருக்கு பஸ் ஏறினேன். வேறு எதற்கும் லாயக்கில்லாமல் பியானோ வாத்தியாரானேன். நம் சர்ச் பியானோ, மத்திகிரியில் இருந்த ஒரு துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. கரையானுக்குப் பயந்து அதன் கால்களை மண்ணெண்ணெய் டின்களில் நிறுத்தியிருக்கிறேன். பாடம் முடிந்து மண்ணெண்ணெய் வாடையோடு வீட்டுக்குப் போகும் பிள்ளைகளிடம், லாந்தரைக் கவிழ்த்தாயா என்று அம்மாக்கள் கேட்பார்களாம்.

முதலில் பெப்பர்மின்ட் கொடுத்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் பெப்பர்மின்ட் நன்றாக வந்தது. பிறகு ஒரு பிரம்பு வாங்கினேன். அடிக்கக் கை வரவில்லை. கடைசியில் அது ஜன்னல் கதவுக்கு முட்டுக்கொடுக்க உதவியது. நான் யாரையும் அடித்ததே இல்லை, ஐயா. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பத்து நாலில் நஞ்சம்மா சேர்ந்தாள். ராகியும் உருளைக்கிழங்கும் போட்டுச் செழித்த சென்னகிருஷ்ணனின் மகள். பதினொரு வயது. பெங்களூர் டாக்டர் மாப்பிள்ளைகளுக்குப் பியானோ வாசிக்கும் பெண்தான் பிடிக்கும் என்று யாரோ அவள் அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். விரல் நல்ல விரல். ஆனால் வாரத்தில் பாதி நாள் புளியமரத்தடியில்தான் இருப்பாள்.

அந்த வருஷம் அவள் தம்பி முனிராஜுக்கு டைபாய்டு வந்தது. ஆறு வயசுப் பையன், கண் திறக்கவில்லை. அவர்கள் அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டாள். நோய் இறங்கியதும் முடிச்சை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டால் வேண்டுதல் தீர்ந்தது. நம் சபையில் இல்லாவிட்டாலும் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நஞ்சம்மா அழுதுகொண்டே வந்து கேட்டாள்: "சார், ஒங்க சாமிக்கு என்னத்த முடிஞ்சு வெக்கணும்?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "எங்க சாமிக்குக் காசு வேணாம்மா. தெனமும் ஸ்கேல் வாசி. ஒரு நாளும் வுடாத."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே உட்கார்ந்தாள். மறுநாளும் வந்தாள். புளியமரம் அவளை மறந்துபோனது. சில வாரங்களில் பையன் எழுந்து கஞ்சி கேட்டான்.

அம்மா கோயிலுக்குப் போய் வேண்டுதலைத் தீர்த்துவிட்டு வந்தாள். அடுத்த நாள் நஞ்சம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்கம்மா முடிச்ச அவுத்துட்டாங்க சார். ஒங்க சாமியுத எப்ப அவுக்கறது?"

தீர்ந்துவிட்டது, போய் விளையாடு என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் லண்டன் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஐயா, இத்தனை வருஷத்தில் என் மாணவர் ஒருவர்கூட அதில் தேறியதில்லை.

"இது அவுக்கற முடிச்சு இல்லம்மா," என்றேன்.

அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. மற்றதெல்லாம் அவளாகவே செய்துகொண்டது என்றுகூடச் சொல்லலாம்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அப்பாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தாள். மணிக்கட்டைத் தூக்கிவிட அவள் கையைத் தொட்டேன். சோளம் பொரிக்கலாம் போல் சுட்டது. ஜுரமா என்று கேட்டேன்.

"வீட்ல சொல்லிடாதீங்க சார். படுக்கப் போட்டுருவாங்க. நா வரலேன்னா மறுபடியும் தம்பிக்கு வந்துரும்."

டாக்டர் வீடு சர்ச்சுக்கு எதிரில்தான் இருக்கிறது. தெருவைக் கடந்தால் போதும். ஆனால் அன்று அவள் வாசித்ததை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கட்டைவிரல் உள்ளே போகும் இடத்தில் எப்போதும் ஒரு சின்னத் தடுக்கல் இருக்கும். அன்று அது இல்லை. தண்ணீர் ஓடுவது போல் ஓடியது. என் பிழைப்பில் அப்படி ஒரு ஸ்கேலை நான் கேட்டதில்லை. முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த ஸ்கேலை வாசி என்றேன்.

அதற்குப் பிறகும் பல நாள் வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் ஜன்னலைச் சாத்திவைத்தேன், குளிர்காற்று அவளுக்கு ஆகாது என்று. அப்படியெல்லாம் கவனமாகத்தான் இருந்தேன். பிறகு ஒரு நாள் வரவில்லை. மாட்டுவண்டியில் படுக்க வைத்து டாக்டரிடம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றார்கள். நானும் தெருவைக் கடந்து போனேன். குடல் ஓட்டையாகிவிட்டது, முன்னாலேயே ஏன் கொண்டுவரவில்லை என்று அவர் சத்தம் போட்டார். அவள் அம்மாவைத்தான் சத்தம் போட்டார். நான் அப்போது பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்த பிறகு சென்னகிருஷ்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசி வரிக்கும் பாயில வெரலத் தட்டிக்கினே இருந்தா சார். எம் பொண்ணுக்கு இந்தப் பாட்டு மேல அவ்ளோ ஆச." நான் அழுதேன். பொய் அழுகை இல்லை.

கையைத் தொட்டபோதே எனக்குத் தெரியும், ஐயா. அவளை நான்தான் கொன்றேன். இதை எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் கொடுக்கிறேன்.

அக்கா நினைவாகத் தம்பியும் கற்றுக்கொள்ளட்டும் என்று இந்த வருஷம் முனிராஜைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். ஒரு நாள் விட்டாலும் தனக்கு மறுபடி நோய் வரும் என்றுதான் அவள் வாசித்தாள் என்பது அவனுக்குத் தெரியும், அவளே சொல்லியிருக்கிறாள். நல்ல பையன், கொஞ்சம் சோம்பேறி. போன வாரம் இரண்டு நாள் வரவில்லை. நான் அதட்டவில்லை. அந்தக் குடும்பத்தை அதட்ட எனக்கு மனசு வருமா? வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்துத் தலையைத் தடவி, வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சௌக்கியமா என்று மட்டும்தான் கேட்டேன். அதற்குப் பிறகு அவன் ஒரு நாளும் விடவில்லை.