சேர்மன் போட்ட ரூல்

தாம்பரத்தில் செம்பாக்கம் பஸ்ஸுக்கு நிற்கையில், முன்னால் ஓர் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா ஆஸ்பத்திரில இழுத்துகினு கெடக்குறாரு. அவர் ஊருக்கு வாங்கித் தந்த கல்லறைத் தோட்டத்துல அவருக்கே இடம் இல்லையாம்டா.”

“ஊரோட முதல் சேர்மன்னு சொன்னியாக்கா?”

“சொன்னேன். மரவாடி வச்சிருந்தாரு, இல்லாதவங்களுக்குப் பெட்டிக்குப் பலகை சும்மாவே குடுத்தாருன்னு எல்லாம் சொன்னேன். ‘எந்த சேர்மன் மேடம்?’னு கல்லறை ஆபீஸ்ல கேக்குறாங்க. வண்டலூர் தாண்டி எங்கயாவது பாக்கணுமாம்.”

“அம்மா குழியையே திறந்து அப்பாவையும் வைக்கலாமே?”

“பதினாலு வருஷம் ஆகாம திறக்கக் கூடாதாம். அம்மா போயி அஞ்சு வருஷம்கூட ஆகலையே. யாருக்காகவும் மாத்த மாட்டாங்களாம். அப்பா போட்ட ரூலுதான்டா அது.”

“அப்பவே நமக்குன்னு ஓர் இடம் ஒதுக்கியிருக்கலாம்.”

“அம்மா எவ்வளவோ கெஞ்சினாங்க. சேர்மன் வூட்டுக்கு மட்டும் தனிச் சட்டமான்னு கத்துனாரு.”

பஸ் வந்தது. படியில் கால் வைத்தபடி அக்கா சொன்னார்: “காலைல கண்ணத் தொறந்தாரு. அம்மா பக்கத்துலதானே வைப்பீங்கன்னு கேட்டாருடா.”

“நீ இன்னா சொன்ன?”

“ஆமாப்பான்னேன்.”